தெருமுனையில் நிற்கும் சாட்சி

 

வீட்டை விட்டு வெளியே கால் வைத்தது முதல், திரும்பி வந்து கதவைத் தாழிடும் வரை நாம் எத்தனை பலகைகளைப் படிக்கிறோம் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? தெருவின் பெயர், பேருந்து நிறுத்தத்தின் பெயர், 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்க', 'கனரக வாகனங்கள் இடப்புறம் செல்க' என்று எத்தனை எத்தனை! புத்தகத்தையே தொடாதவர்கூட இவற்றைப் படிக்காமல் ஒரு நாளைக் கழிக்க இயலாது. பாடநூலில் ஒரு பிழை இருந்தால் பத்திரிகைகளில் கண்டனம் எழுகிறது. தெருமுனைப் பலகையில் பிழை இருந்தாலோ, சிரித்துவிட்டுக் கடந்து போகிறோம். இந்தச் சிரிப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

நான் வடசென்னையில் ஒரு மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். அதற்கு முன் கலைக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இந்த வட்டாரத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இருப்புப்பாதை, நடுவே ஓயாத கன்டெய்னர் லாரிகள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இந்தச் சாலைகளில் நடந்தும் மிதிவண்டியிலும் சென்று வருகிறேன். விடுமுறை நாள்களில் மாணவர்களை அழைத்துச் சென்று பலகைகளைப் படிக்கச் சொல்வது என் வழக்கம். தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் வரலாற்றுக்கும் இதைவிட மலிவான பாடநூல் கிடைக்காது. கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். எது பிழை, ஏன் பிழை என்று சொல்ல வேண்டும். அவ்வாறு நாங்கள் கண்டவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சிரிக்க வைப்பவை

'பேசின் பாலம்' என்ற பெயரை முதன்முதலாகப் படித்த மாணவன் ஒருவன், "உஸ்தாத், பேசினால் என்ன ஆகும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்துவிட்டோம். அவன் கேட்டதில் தவறில்லை. தமிழ் இலக்கணம் அறிந்த எவரும் 'பேசின்' என்பதைப் 'பேசினால்' என்றுதான் பொருள் கொள்வர். கால்வாயில் வரும் படகுகள் நின்று சரக்கு இறக்குவதற்காக அகலப்படுத்தப்பட்ட நீர்நிலையை ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர். படகுகள் போயின, கால்வாய் சாக்கடையாயிற்று, சொல் மட்டும் தமிழ் உடை அணிந்து நிற்கிறது.

இராயபுரம் கடற்கரையோரம் 'கிளைவ் பேட்டரி' என்றோர் இடம் உண்டு. இக்காலப் பிள்ளைகளுக்குப் பேட்டரி என்றால் கைப்பேசிக்குள் இருப்பது. பீரங்கிகளை வரிசையாக நிறுத்திவைக்கும் மேடைக்கும் அதே பெயர்தான் என்று சொன்னபோது அவர்களால் நம்ப முடியவில்லை. வால்டாக்ஸ் சாலையின் கதையும் இத்தகையதே. பதினெட்டாம் நூற்றாண்டில் நகரைச் சுற்றி மதில் எழுப்பியபோது, அதன் செலவுக்காகக் குடிமக்கள்மீது விதிக்க எண்ணிய மதில் வரியின் பெயர் அது. தமிழில் எழுதிவிட்டால் மதிலும் தெரிவதில்லை, வரியும் தெரிவதில்லை. வால் மட்டுமே தெரிகிறது!

வண்ணாரப்பேட்டையை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பலகை ஒரேயொரு சலவைத் தொழிலாளியைக் குறிக்கிறது. அடுத்த பலகை பலரைக் குறிக்கிறது. திருவொற்றியூரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 'ஒற்றி' என்னும் தமிழ்ச் சொல்லின் றகரம் ஆங்கில எழுத்தில் ஏறும்போது டகரமாகிவிடுகிறது. பெயரை ஆங்கிலத்தில் மட்டுமே படித்த வெளியூர்க்காரர் 'ஒட்டியூர்' எங்கே என்று கேட்டுக்கொண்டு வருகிறார். மணலியோ ஆங்கில எழுத்தில் இமாசலப் பிரதேசத்துப் பனிமலை ஊரான மணாலியோடு ஓர் எழுத்தும் மாறாமல் ஒத்துப்போகிறது. எண்ணெய் ஆலைகளின் புகையைச் சுவாசித்துக்கொண்டிருக்கும் எங்கள் மணலிக்கு எழுத்தளவிலேனும் பனி பெய்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகத்தக்கவையே. இவற்றால் எவருக்கும் தீங்கில்லை.

பிழையே பெயரான ஊர்

சில பிழைகள் வேறு வகையானவை. அவை நாள்பட நாள்பட ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டன.

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது. அந்த வழியில் 'காலடிப்பேட்டை' என்றொரு நிலையம் உள்ளது. பெயரைக் கேட்டவுடன் யாரோ ஒரு பெரியவரின் காலடி பட்ட இடம் என்றுதான் எவரும் நினைப்பர். உண்மை அதுவன்று. 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி ஒரு பேட்டை உருவாக்கப்பட்டது. அது காலெட் பேட்டை. துரையின் பெயர் நம் மக்களின் நாவில் புரளவில்லை. நாவுக்குப் பழகிய சொல்லாக அதை மாற்றிக்கொண்டார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெயர் புத்தம் புதிய நிலையத்தின் பலகையில் ஒளிவிளக்கோடு மின்னுகிறது.

பாரிமுனைக்கு அருகிலுள்ள ஆர்மேனியன் தெருவும் இத்தகையதே. அங்கே 1772ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆர்மேனியக் கிறிஸ்தவத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. ஆர்மேனிய வணிகர்கள் வாழ்ந்த அந்தத் தெருவைத் தமிழர்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கினார்கள். அங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரரும் இல்லை. ஹாமில்டன் என்ற துரையின் பெயர் கொண்ட பாலம் தமிழர் வாயில் 'அம்பட்டன் வாராவதி' ஆகி, அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. துரை போய் நாவிதர் வந்தார். இப்போது அந்தப் பாலம் அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய பெயர்களைத் திருத்த வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. காலடிப்பேட்டையைக் காலெட் பேட்டை என்று மாற்றினால் அங்கு வாழும் மக்களுக்கே தங்கள் ஊர் தெரியாமல் போய்விடும். ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமை. பெயரை மாற்றாதீர்கள், கதையை மறக்காதீர்கள். 

தொண்டியாரா, தண்டையாரா?

இங்கேதான் நம் சமுதாயத்தோடு தொடர்புடைய ஒரு செய்திக்கு வருகிறேன். சற்றுப் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறேன்.

தமிழில் தண்டையார்பேட்டை என்று எழுதப்படும் ஊர், ஆங்கிலப் பலகையில் 'டோண்டியார்பெட்' என்று படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரே பலகை, ஒரே ஊர், இரு வேறு பெயர்கள். இதற்கு நம்மவர் கூறும் விளக்கம் நீங்கள் அறிந்ததே. சூஃபி ஞானியும் பெருங்கவிஞருமான குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள், இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர்கள். சுல்தான் அப்துல் காதிர் என்பது அவர்களின் இயற்பெயர். துறவு பூண்டு, பல இடங்களில் தங்கி, இறுதியில் சென்னைக்கு வந்து இப்பகுதியில் வாழ்ந்து மறைந்தார்கள். தொண்டியிலிருந்து வந்தவர் ஆதலால் மக்கள் அவர்களைத் 'தொண்டியார்' என்று அழைத்தனர். அவர்கள் வாழ்ந்த இடம் தொண்டியார்பேட்டை ஆயிற்று. அதுவே தண்டையார்பேட்டை எனத் திரிந்தது. ஆங்கிலப் பலகை மட்டும் பழைய உண்மையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பர்.

கேட்பதற்கு எவ்வளவு இனிமையான செய்தி! சென்னை மாநகரின் ஒரு பெரும் பகுதிக்கே நம் ஞானி ஒருவரின் ஊர்ப்பெயர் வாய்த்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமை தோன்றாது?

ஆனால் நாம் ஹதீஸ் கலையைப் போற்றும் சமுதாயத்தவர். ஓர் அறிவிப்பு வந்தால் அதன் சொல்லழகில் மயங்கிவிடாமல், யார் சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார், அவர் எந்த ஆண்டில் பிறந்தார், எந்த ஆண்டில் மறைந்தார், இருவரும் ஒரே காலத்தவர்தாமா என்றெல்லாம் ஆராய்ந்தவர்கள் நம் இமாம்கள். அறிவிப்பாளர்களின் வரலாற்றை ஆராய்வதற்கென்றே தனிக் கலையை வளர்த்தவர்கள். தம் மனத்துக்கு உகந்த செய்தி என்பதற்காக எவருக்கும் சலுகை காட்டியதில்லை. அந்த அளவுகோலை ஒரு தெருப்பலகைக்கும் பொருத்திப் பார்ப்போமே.

மஸ்தான் சாகிபு அவர்கள் பிறந்தது 1792ஆம் ஆண்டு. மறைந்தது 1838ஆம் ஆண்டு. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்று கிராமங்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததோ 1693ஆம் ஆண்டு. சென்னை வரலாற்றைப் படிப்பவர் எவரும் தொடக்கத்திலேயே சந்திக்கும் செய்தி இது. அப்படியானால் அவர்கள் பிறப்பதற்கு 99 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊருக்கு இந்தப் பெயர் இருந்திருக்கிறது. இன்னும் பிறக்காத ஒருவரின் பெயரை ஓர் ஊருக்கு எவ்வாறு சூட்டியிருக்க முடியும்?

இதை நான் எங்கள் மஹல்லாவில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, வயதில் மூத்த ஜமாஅத் பெரியவர் ஒருவர் மனம் வருந்தினார். "ஹஜ்ரத், மற்றவர்கள் நம் அடையாளங்களை ஒவ்வொன்றாக மறுக்கிறார்கள். கிடைத்த ஒன்றை நாமே விட்டுக்கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வேதனையே மிகுந்திருந்தது. அந்த வேதனை எனக்கும் புரியாமலில்லை. "அத்தா, நாம் தேதி பார்க்காமல் சொன்னால், நாளை தேதி தெரிந்த ஒருவர் எழுந்து நின்று மறுப்பார். அப்போது இந்த ஒன்றை மட்டுமா மறுப்பார்? நாம் சொல்லும் உண்மையான வரலாற்றையும் சேர்த்தல்லவா சந்தேகிப்பார்?" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தொண்டியிலிருந்து அதற்கும் முன்னரே வேறு யாராவது வந்திருக்கலாமே?" என்றார். வந்திருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்பதைப் பலகையில் எழுத முடியாது. சான்று வேண்டும்.

மஸ்தான் சாகிபு அவர்களின் சிறப்பு ஒரு பேட்டையின் பெயரில் அடங்கிவிடுவதன்று. பராபரக்கண்ணியைச் சமயம் கடந்து தமிழுலகம் போற்றுகிறது. தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் அவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. அவர்கள் இங்கே வாழ்ந்தார்கள், இங்கேயே அடங்கியிருக்கிறார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. உண்மையான பெருமை இவ்வளவு இருக்கும்போது, ஐயத்துக்குரிய ஒன்றை ஏன் அதனோடு சேர்த்துக் கட்ட வேண்டும்?

அரசும் ஒருமுறை இந்தப் பெயர்களில் கை வைத்துப் பார்த்தது. 2020 ஜூன் மாதத்தில், தமிழ்நாட்டின் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசாணை வெளியாயிற்று. எங்கள் தண்டையார்பேட்டையும் அந்தப் பட்டியலில் இருந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் எழுத்துகளைக் கூட்டியதில் வேலூரையே 'வீலூர்' என்று வாசிக்கும்படி ஆகிவிட்டதென்று நாடெங்கும் நகைப்பு எழுந்தது. சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிழையைத் திருத்துவதற்கும் ஆய்ந்த அறிவு வேண்டும். அவசரத் திருத்தம் புதுப்பிழையைப் பெற்றெடுக்கும் என்பதற்கு இது நல்ல பாடம்.

எழுத்துப்பிழை இல்லாத பொய்

இதுவரை எழுத்தைப் பற்றியும் பெயரைப் பற்றியும் பேசினோம். ஓர் எழுத்தும் பிழையில்லாமல் எழுதப்பட்ட பலகையும் பொய் சொல்லக்கூடும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நாங்கள் வசிக்கும் பகுதியில் இரண்டு சந்துகள் எதிரெதிரே பிரிகின்றன. ஒன்று குடியிருப்புகளுக்குள் செல்லும். மற்றொன்று சிறிது தூரத்தில் இரயில்வே மதிலில் முட்டி நின்றுவிடும். முனையில் அம்புக்குறியிட்ட பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. குழாய் பதிப்பதற்காகச் சாலையைத் தோண்டியவர்கள் அந்தக் கம்பத்தைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவைத்தார்கள். வேலை முடிந்ததும் மறுபடியும் நட்டார்கள். நட்டவர்கள் எந்தத் திசை பார்த்து நடுகிறோம் என்று எண்ணவில்லை. அம்பு எதிர்ப்புறம் திரும்பிவிட்டது. தெருவின் பெயர் சரி, தமிழ் சரி, ஆங்கிலம் சரி, திசை மட்டும் தவறு. அங்கேயே வாழும் எங்களுக்குப் பலகையைப் பார்த்து நடக்க வேண்டிய தேவை இல்லாததால் ஒருவருடைய கண்ணிலும் அது படவில்லை.

ஒரு நாள் நள்ளிரவுக்கு மேல் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. மகன் அவசர ஊர்திக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊர்தி விரைவாகவே வந்துவிட்டது. பலகையைப் படித்த ஓட்டுநர், அது காட்டிய திசையிலேயே திரும்பினார். மதில்வரை சென்று, நிறுத்தியிருந்த வண்டிகளுக்கிடையே சிக்கி, பின்னோக்கி வர வழியின்றித் தவித்தார். இங்கே வீட்டு வாசலில் நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே எச்சரிக்கை ஒலி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஊர்தி வரக் காணோம். மகன் செருப்புக்கூட அணியாமல் ஒலி வந்த திசையில் ஓடினார். கால் மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகே பெரியம்மாவை ஏற்ற முடிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அந்த மகனின் முகத்தைப் பார்த்தவர் எவரும் பெயர்ப்பலகையைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்.

மறுநாள் முறைப்படி மனு எழுதிக் கொடுத்தோம். பதில் வரும் வரை காத்திருக்க இயலாது என்பதால், தெருமுனை வீட்டுக்காரரின் இசைவைப் பெற்று, அவருடைய சுற்றுச்சுவரில் தெருவின் பெயரையும் வீட்டு எண்களையும் சரியான திசையில் அம்புக்குறியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தோம். எழுதியவர்கள் என் மாணவர்கள். கம்பம் நேராக்கப்பட்டது பல வாரங்களுக்குப் பிறகே.

வடிவமும் ஒரு மொழி

சாலைக் குறிகளுக்கு எழுத்தைக் காட்டிலும் வடிவமே முதன்மையானது என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சாலைக் குறிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: கட்டளையிடுபவை, எச்சரிப்பவை, தகவல் தருபவை. பெரும்பாலும் வட்டமாக இருந்தால் கட்டளை; சிவப்பு விளிம்புள்ள முக்கோணமானால் எச்சரிக்கை; நீல நிறச் செவ்வகமானால் தகவல். 'நில்' என்ற கட்டளைக்கு மட்டும் எண்கோணம். 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். ஏன் இப்படி? தூசு படிந்து எழுத்து மறைந்தாலும், பின்புறமிருந்து பார்த்தாலும், வடிவத்தைக்கொண்டே இன்ன குறி என்று அறிந்துகொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், வேற்று மொழிக்காரருக்கும் அது புரியும்.

எங்கள் பகுதிக்கு இது மிகவும் தேவையானது. துறைமுகத்துக்கு வரும் லாரிகள் ஆந்திரத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வருகின்றன. ஓட்டுநர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. சிலருக்கு ஆங்கிலமும் தெரியாது. ஒருமுறை எண்ணூர் நெடுஞ்சாலையில் என்னை நிறுத்தி, "பாய்!" என்று அழைத்து வழி கேட்டார் ஓர் ஆந்திர ஓட்டுநர். அவர் கையிலிருந்த சீட்டில் எண்ணூர் துறைமுகம் என்று இருந்தது. அவர் பார்த்த பலகையிலோ காமராசர் துறைமுகம் என்று இருந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமாகத் தொடங்கப்பட்டு, 2014இல் பெயர் மாற்றப்பட்ட ஒரே துறைமுகம்தான் இரண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பெருந்தலைவரின் பெயரைச் சூட்டியது பொருத்தமே. அதன் கீழே சிறிய எழுத்தில் 'எண்ணூர்' என்று சேர்த்து எழுதினால் எவருக்கும் குறைவில்லை. வழி தேடுபவருக்கோ பெரும் உதவி.

அன்பளிப்பாக வைக்கப்படும் பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். விளம்பரதாரரின் பெயர் மூன்றடி உயரத்தில் இருக்கும். 'பள்ளி, மெதுவாகச் செல்க' என்பது அடியில் கடுகளவாக இருக்கும். நாற்பதடி நீளக் கன்டெய்னர் லாரியை ஓட்டி வருபவர் கண்ணில் எது படும்? அந்தப் பலகை யாருக்காக வைக்கப்பட்டது? சாலையைக் கடக்கும் குழந்தைக்காகவா, விளம்பரத்துக்காகவா?

நாம் செய்யக்கூடியவை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஈமானின் கிளைகளைப் பற்றிக் கூறுகையில், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். வழி தெரியாதவனுக்கு வழி காட்டுவதும் தர்மம் என்று கற்பித்திருக்கிறார்கள். கல்லும் முள்ளும் மட்டுந்தானா இடையூறு? வழிப்போக்கனைத் தவறான திசையில் திருப்பிவிடும் பலகையும் இடையூறே. அதுவும் காலில் குத்தாமல், கண்ணுக்குத் தெரியாமல் கெடுதி செய்யும் இடையூறு.

ஆகவே பலகையில் ஒரு பிழையைக் காணும்போது, இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று முதலில் கேளுங்கள். தீங்கில்லையெனில் சிரித்துவிட்டுப் போகலாம். வரலாறு ஒளிந்திருந்தால் கேட்டு எழுதிவைக்கலாம். தீங்கு உண்டெனில் அந்த இடத்தை விட்டு அகலக் கூடாது. சென்னையில் இருப்போர் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். பிற ஊர்களில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை பெற்று, பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் வைப்பதைப் போலப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே! உங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவின் பெயர், வீட்டின் பழைய எண், புதிய எண், அருகிலுள்ள பள்ளிவாசல் அல்லது பெரிய கடையின் பெயர் ஆகியவற்றை மனனம் செய்ய வையுங்கள். நம் தெருவின் பெயர் பலகையில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறதோ, அவ்வாறே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் தொலைபேசியை எடுத்துப் பேச வேண்டியவர் அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். அத்துடன், உங்கள் தெருமுனைப் பலகையைப் புதிதாக ஊருக்கு வந்தவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அம்பு உங்கள் வீட்டை நோக்கித்தான் நிற்கிறதா என்று பாருங்கள்.

இளைஞர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. மாநாட்டுச் சுவரொட்டி, நிக்காஹ் வாழ்த்து, இஃப்தார் அழைப்பு ஆகியவற்றைத் தெருப்பலகைகளின் மீது ஒட்டாதீர்கள். வளைவில் நிற்கும் எச்சரிக்கைக் குறியை மறைத்துத் தட்டி கட்டாதீர்கள். நன்மைக்கு அழைக்கும் சுவரொட்டி, ஒருவர் வழி தவறக் காரணமாகிவிடக் கூடாது. மற்றவர்களும் செய்கிறார்களே என்பது நமக்கு விடையாகாது.

தெருமுனையில் நிற்கும் பலகை ஒரு சாட்சி. கேட்பவர் யார், எந்த மதத்தவர், எந்த மொழியினர் என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே வாக்குமூலம் கொடுக்கிறது. வேற்றூர்க்காரர் அதன் சொல்லை நம்பித்தான் தம் வண்டியைத் திருப்புகிறார். அந்தச் சாட்சியம் உண்மையாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அதை எழுதியவருக்கு மட்டுமன்று, அதன் நிழலில் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

வல்ல அல்லாஹ் நம்மை நேர்வழியில் நடப்பவர்களாகவும், பிறருக்குச் சரியான வழியைக் காட்டுபவர்களாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.